வீட்டு நாஸ் பெட்டிக்கு எந்த ரெய்ட் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கும், காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் கலியாண வீடியோ எடுக்கிற ஆக்களுக்கும் நாஸ் பெட்டி பூட்டிக் கொடுக்கிறவன் நான். போனில் வருகிற கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான். ஒவ்வொருவருக்கும் அரை மணிநேரம் கதைத்து அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

நாஸ், ரெய்ட் இரண்டும் என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நாஸ் என்பது ரூட்டரில் கேபிள் போட்டு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டோ நாலோ ஹாட் டிஸ்க் இருக்கும். வீட்டில் உள்ள போன், லேப்டொப், டிவி எல்லாமே வைஃபை வழியாக அதைப் பார்க்கும், அதில் சேமிக்கும். ரெய்ட் என்பது அந்த டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் பெட்டி நிற்காமல் ஓடும்படி அமைக்கும் முறை. 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர் அது. அப்போது அந்தப் பெயருக்குள் ‘மலிவான டிஸ்க்குகள்’ என்று ஒரு சொல் இருந்தது, மறுகா அதை ‘சுயாதீனமான’ என்று மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு நம் ஊரில் டிஸ்க் விற்கிற விலையைப் பார்த்தால் மாற்றியது சரிதான்.

நீட்டி முழக்காமல் சொல்லுங்கள் அண்ணன், நான் எதை வாங்க?

இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று, ஒரே அளவு டிஸ்க் மூன்று, யூபிஎஸ் ஒன்று. இரண்டு டிஸ்க்கை உள்ளே போட்டு ரெய்ட் 1 ஆக்குங்கள். மூன்றாவதை யூஎஸ்பி உறைக்குள் போட்டு பேக்கப் எடுத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். பத்தில் எட்டு வீட்டுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. மூன்று டிஸ்க்குக்குக் காசு இருந்தால் மூன்றையும் பெட்டிக்குள்ளேயே அடைக்க ஆசை வரும், அந்த ஆசையைத்தான் கீழே முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

ரெய்ட் 0, 1, 5, 6, 10 என்று இத்தனை எண்கள் எதற்கு?

4 டெராபைட் டிஸ்க் நாலு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 16. ரெய்ட் 0 போட்டால் 16ம் கிடைக்கும், ஆனால் நாலில் எது செத்தாலும் எல்லாம் போச்சு. பெயரில் உள்ள பூச்சியம்தான் மிச்சம் என்று நான் சொல்வது வழக்கம். ரெய்ட் 5இல் 12 கிடைக்கும், ஒரு டிஸ்க் சாகலாம். ரெய்ட் 6இல் 8 கிடைக்கும், எந்த இரண்டு செத்தாலும் தாங்கும். ரெய்ட் 10இலும் 8தான், சோடி சோடியாக ஒன்றையொன்று கொப்பி செய்துகொண்டிருக்கும், இரண்டு செத்தாலும் தப்பலாம், ஆனால் அந்த இரண்டும் ஒரே சோடியாக இருக்கக்கூடாது. முதல் டிஸ்க் போனபிறகு மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்று ஆபத்தான ஆள், அதன் சோடிக்காரன். ரெய்ட் 1 என்றால் இரண்டு டிஸ்க், இரண்டிலும் அதே சரக்கு, 8க்குக் காசு கொடுத்து 4ஐப் பாவிப்பீர்கள்.

ரெய்ட் 5, 6 இரண்டிலும் முழுக் கொப்பி இருக்காது. பரிட்டி என்று ஒரு கணக்கு எழுதி வைக்கப்படும். 3, 5, 4, மொத்தம் 12 என்று கொப்பியில் எழுதியிருக்க, நடுவில் உள்ள 5 அழிந்துவிட்டால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? கிட்டத்தட்ட அதுதான். இடம் மிச்சம், ஆனால் காணாமல் போனதைக் கண்டுபிடிக்க மிச்சமுள்ள எல்லா எண்ணும் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

காசுக்கு ரெய்ட் 5தான் லாபம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

லாபம்தான். ஒரு டிஸ்க் சாகும் வரைக்கும்.

செத்த அன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கொழும்பில் இருப்பவர் மத்தியானம் கடைக்குப் போய்ப் பின்னேரம் புது டிஸ்க்கைப் பூட்டிவிடுவார். நமக்கு மட்டக்களப்புக் கடைகளில் நாஸ் டிஸ்க் அதே அளவில் கையிருப்பில் கிடைப்பது அருமை, கொழும்புக்குக் கோல் எடுத்து, காசு போட்டு, கூரியரில் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு போயா விடுமுறை, ஒரு ஞாயிறு, மாரி காலமென்றால் ஒரு வெள்ளம். நாலு நாள் போவது சாதாரணம், ஒரு தடவை பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அத்தனை நாளும் உங்கள் ரெய்ட் 5, ரெய்ட் 0 போலத்தான், இன்னொன்று போனால் எல்லாம் முடிந்தது.

புது டிஸ்க் வந்தபிறகுதான் உண்மையான வேலை. இழந்ததை மீட்டெழுதும் இந்த வேலையை ரிபில்ட் என்பார்கள். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணிநேரம், 8 டெராபைட் என்றால் பதினைந்து. அதுவும் பெட்டியை யாரும் தொடாமல் இருந்தால் மட்டும், பிள்ளைகள் அதிலிருந்து படம் பார்த்துக்கொண்டிருந்தால் இரட்டிப்பாகும். அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கும், செத்ததோடு ஒரே நாளில் வாங்கி ஒரே வெக்கையில் கிடந்தவை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கப்பட்டாக வேண்டும். பல வீட்டு டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10இன் 14ஆம் அடுக்குப் பிட் வாசித்தால் ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று ஒரு மேலெல்லை போட்டிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் அது 12.5 டெராபைட். நாலு டிஸ்க் ரெய்ட் 5இல் ரிபில்டுக்கு வாசிக்க வேண்டியது 12! இதைப் பிடித்துக்கொண்டு ரெய்ட் 5 கட்டாயம் தோற்கும் என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மிகை. மேலெல்லை என்றால் மேலெல்லைதான், நல்ல டிஸ்க் அதைவிட எவ்வளவோ மேலாக ஓடும், 15ஆம் அடுக்குக்கு உத்தரவாதம் தருகிற டிஸ்க்குகளும் உண்டு. ஆனால் பிழை வந்தால் சில பெட்டிகள் ரிபில்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் என்பதும் உண்மை.

ரெய்ட் 1இல் ரிபில்ட் என்பது ஒரு டிஸ்க்கை வாசித்து மற்றதில் எழுதுவது மட்டும். கணக்கு இல்லை, மூன்று பேர் சம்மதிக்கத் தேவையில்லை.

அப்போ நாலு டிஸ்க் பெட்டி வாங்கவே கூடாதா?

வாங்கலாம், தேவை 8 டெராபைட்டைத் தாண்டினால். வாங்கினால் ரெய்ட் 6 போடுங்கள், அல்லது பெரிய டிஸ்க் இரண்டை மட்டும் போட்டு ரெய்ட் 1 ஆக்கி மிச்ச இரண்டு இடத்தையும் வெறுமனே விடுங்கள். நாலாவதை, ஒன்று செத்தால் தானாக அதன் இடத்துக்கு வரும் ஹொட் ஸ்பெயார் என்று சும்மா சுழலவிட்டு மூன்றில் ரெய்ட் 5 போடுவதைக் கடையில் சிபாரிசு செய்வார்கள். அதே நாலு டிஸ்க், கிடைக்கிற இடமும் அதே அளவு, ரெய்ட் 6 என்றால் அந்த நாலாவது ஆள் முதல் நாளிலிருந்தே வேலை செய்துகொண்டிருப்பார். எது நல்லது என்று நீங்களே பாருங்கள்.

கறண்ட் போனால் என்ன ஆகும்?

கடற்கரை ஊரில் நாஸ் வைத்திருப்பவனுக்கு டிஸ்க் சாவதைவிட இதுதான் பெரிய எதிரி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கறண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்டது, அந்த ஞாயிறு மட்டும் எனக்கு ஆறு கோல். இதெல்லாம் பெரிய கதை, சாதாரண ஒக்டோபர் பின்னேரம் ஒன்றில் இடி முழக்கத்தோடு அரை நொடி போய் வருகிறதே, அதுதான் கெடுதல்.

ரெய்ட் 5, 6 இரண்டும் ஒரு கோப்பை எழுதும்போது தரவை ஒரு டிஸ்க்கிலும் பரிட்டிக் கணக்கை இன்னொன்றிலும் எழுத வேண்டும். தரவு எழுதிக் கணக்கு எழுதமுன் கறண்ட் போனால் இரண்டும் பொருந்தாது. அது அப்போது தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு டிஸ்க் செத்து, அந்தப் பிழையான கணக்கை வைத்துக் கழித்துப் பார்க்கும்போது குப்பை வரும். ரைட் ஹோல் என்று இதற்குப் பெயர். ரெய்ட் 1இலும் இரண்டு கொப்பி ஒரு கணம் வித்தியாசமாக நிற்கலாம், ஆனால் தொடாத பழைய கோப்புக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு ரெய்ட் 5 பூட்டித் தர நான் ஒத்துக்கொள்வதில்லை.

யூபிஎஸ் பெரிதாக வேண்டியதில்லை. இரண்டு டிஸ்க் பெட்டி 15, 20 வாட் அளவுதான் இழுக்கும், ஒரு சாதாரண 650 வீஏ யூபிஎஸ் புது பேட்டரியோடு கால் மணிநேரமாவது தாங்கும். முக்கியம் என்னவென்றால் அதிலிருந்து நாஸுக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போக வேண்டும், அப்போதுதான் பேட்டரி குறையும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். பலர் கேபிளை யூபிஎஸ் வந்த பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்! பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும், விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை சுவர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

இடி மின்னல் நேரம் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரூட்டருக்குப் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி வருகிற வீடென்றால் அந்த வழியாக ரூட்டருக்கும், அங்கிருந்து லான் கேபிள் வழியாக நாஸுக்கும் அடி விழும். ஃபைபர் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது.

ரெய்ட் போட்டாச்சு, இனி பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். ஒரு டிஸ்க் சாவது என்ற ஒரே ஒரு விபத்துக்குத்தான் ரெய்ட் மருந்து. மருமகன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும், கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைக் கோணலாக்கினால் அதுவும் கோணும் அல்லவா. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயக்கார வைரஸ் இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்கொயின் கேட்டது. ரெய்ட் 6 போட்டிருந்தவர்களுடையதும் பூட்டுத்தான். இதற்கு ஸ்நாப்ஷொட் உதவும், கோப்புகளின் நேற்றைய நிலையை, போன வார நிலையைப் பெட்டிக்குள்ளேயே குறித்து வைப்பது அது. போட்டு வையுங்கள், ரூட்டரில் நாஸுக்குப் போர்ட், அதாவது இணையத்திலிருந்து நேரடி வழி, திறக்க வேண்டாம். ஆனால் பெட்டியே போனால் ஸ்நாப்ஷொட்டும் போகும்.

பெட்டியே எப்படிப் போகும் என்று கேட்கிறவர்கள் இந்த ஊருக்குப் புதிது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கல்லடியிலும் நாவலடியிலும் எத்தனை வீட்டு ஆல்பங்கள் போயின. என் பெரியம்மா வீட்டில் பெரியப்பாவின் படம் என்று இன்றைக்கும் சுவரில் தொங்குவது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய ஒன்று, தோள் பக்கத்தில் முத்திரையின் அரை வட்டம் மங்கலாகத் தெரியும். அட்டை அன்றைக்கு அவருடைய தம்பியிடம் செங்கலடியில் இருந்தது, ஏதோ படிவம் நிரப்பக் கொடுத்தது. அந்த ஒரு படம் தப்பியது வேறு ஊரில் இருந்ததால். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கும் அதையேதான் கேட்கிறது. மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்புச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

சரி, வெளியே வைக்கிற டிஸ்க்கை எங்கே வைக்க?

வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், எழுவான்கரையில் இருப்பவர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம், கடலிலிருந்து தூரம். ஆனால் அந்தப் பக்கம் வெள்ளத்துக்குப் பேர்போனது, 2011 ஜனவரியை யாரும் மறக்கவில்லை. ஆகவே அலுமாரியின் மேல் தட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், கீழ் லாச்சியில் வேண்டாம். அம்பாறைப் பக்கம் அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆக்களுக்கு அம்பாறை நகரம் வசதி, வேலைக்குப் போகிற இடத்து மேசை லாச்சி கூடப் பரவாயில்லை.

இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றிக் கொண்டுபோவது இன்னும் நல்லது. நான் வருஷத்தில் நாலு தடவை மாற்றுகிறேன், தீபாவளி, பொங்கல், சித்திரைப் புதுவருஷம், கோயில் திருவிழா. போகிற காரணம் எப்படியும் இருக்கும், பலகாரத்தோடு டிஸ்க்கும் போகும். என்கிரிப்ட் செய்துவிட்டுக் கொடுங்கள், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். சொந்தக்காரரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை, அவர் வீட்டில் களவு போகலாம்.

கிளவுட்டில் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் வேண்டாமே?

போனில் எடுத்த படங்களுக்கு நல்லது. மொத்தத்துக்கும் என்றால் கணக்குப் பாருங்கள்: அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் கிடைத்தால் 1 டெராபைட் ஏற்ற இரவு பகலாக ஒன்பது நாளுக்கு மேல். டேட்டாவுக்கு மாத எல்லை இருக்கிற பேக்கேஜ் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படங்கள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், இவற்றை மட்டும் ஏற்றுங்கள், படமும் பாட்டும் ஏற வேண்டியதில்லை.

பழைய டிஸ்க் ஒன்று 4, புதிது 8. கலந்து போடலாமா?

ரெய்ட் 1இல் சின்னதன் அளவுதான் கிடைக்கும், 4. மிச்சம் 4 சும்மா கிடக்கும். பிற்பாடு சின்னது செத்து 8 போடும்போது விரியும், ஆகவே வீணில்லை. நாலு டிஸ்க் பெட்டியில் 4, 4, 8, 8 என்று கலந்தால் சாதாரண ரெய்ட் 5 எல்லாவற்றையும் 4 என்று எண்ணி 12 தரும். நாஸ் பெட்டி செய்கிற சினாலஜி நிறுவனத்தின் எஸ்ஹெச்ஆர் முறை மிச்சத் துண்டுகளையும் சோடி சேர்த்து 16 தரும், அதாவது மொத்தத்தில் பெரிய டிஸ்க் ஒன்றின் அளவைக் கழித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வாங்குகிற நம்மைப் போன்ற ஆக்களுக்கு வடிவான ஏற்பாடு. ஒரு டிஸ்க்தான் சாகலாம் என்ற விஷயம் ரெய்ட் 5 போலவே, அதை மறக்க வேண்டாம்.

எந்த டிஸ்க் வாங்க?

நாஸ் என்று எழுதியது, சீஎம்ஆர் வகை, அதாவது எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பது. எஸ்எம்ஆர் வகை டிஸ்க் ஓட்டுக்கூரை மாதிரி, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ளதையும் எடுத்து அடுக்க வேண்டும். தனி பேக்கப் டிஸ்க்காக நன்றாகவே ஓடும், ரிபில்டில் மூச்சுத் திணறும். 2020 ஏப்ரலில் டபிள்யூடி நிறுவனமே தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது, பிறகு சீஎம்ஆர் வகையை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். அதனால் வரிசைப் பெயரை நம்பாமல் மொடல் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

மேசைக் கொம்பியூட்டர் டிஸ்க்கையும் போடலாம், ரெய்ட் 1க்குப் பரவாயில்லை. அதில் ஒரு குணம் உண்டு, வாசிக்க முடியாத இடம் வந்தால் விடாப்பிடியாக நிமிஷக் கணக்கில் முயன்றுகொண்டிருக்கும். நாஸ் டிஸ்க் ஏழு நொடியளவில் கைவிட்டு ‘என்னால் முடியாது, மற்றவனிடம் கேள்’ என்று சொல்லிவிடும். முயன்றுகொண்டே இருப்பவனைப் பெட்டி செத்துவிட்டான் என்று நினைத்துத் தள்ளி வைத்துவிடும்.

கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவருகிற டிஸ்க் மலிவு. வாரன்டி அந்த நாட்டுக்கு மட்டும் என்றால் செத்த டிஸ்க்கும் மச்சானோடு விடுமுறை முடிந்துதான் போகும். ஒன்றை அங்கே, ஒன்றை இங்கே வாங்குங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால் ஒரே தொகுதிச் சரக்கு, சாவதும் அடுத்தடுத்து நடக்கலாம்.

நான் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவன், வேகம் வேண்டும்.

வேகத்தைத் தடுப்பது ரெய்டாக இருக்காது. சாதாரண ஒரு கிகாபிட் லான் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம்தான் போகும், ஒரு தனி டிஸ்க்கே அதைத் தாண்டும். வைஃபையில் கதைக்கவே வேண்டாம். இன்றைய வேலையை லேப்டொப்பின் எஸ்எஸ்டியில் செய்து, முடிந்ததும் நாஸுக்குத் தள்ளுங்கள். 2.5 கிகாபிட் பெட்டியும் ஸ்விட்சும் வாங்கி நாஸிலிருந்தே எடிட் செய்கிற ஸ்டூடியோ என்றால் நாலு டிஸ்க்கில் ரெய்ட் 10 போடுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் வெளியே ஒரு பிரதி இல்லாமல் மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

பழைய கொம்பியூட்டரையே நாஸ் ஆக்கினால்?

ஆக்கலாம், ட்ரூநாஸ் அல்லது ஓப்பன் மீடியா வோல்ட் என்ற மென்பொருள் இலவசம். ட்ரூநாஸுக்கு 8 கிகாபைட் ராம் ஆவது வேண்டும். அதில் உள்ள இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைக்கும். வெறும் ரெய்ட் 1இல் இரண்டு கொப்பியும் வித்தியாசப்பட்டால் எது சரி என்று பெட்டிக்குத் தெரியாது, இசட்எஃப்எஸுக்குத் தெரியும், சரியானதை வைத்துப் பிழையானதைத் திருத்தும். சினாலஜி போன்ற பெட்டிகளில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தால் இதே வசதி ஓரளவுக்குக் கிடைக்கும். ஆனால் பிடிஆர்எஃப்எஸ்இன் சொந்த ரெய்ட் 5, 6 பக்கம் போக வேண்டாம், ரைட் ஹோல் பிரச்சினை உள்ள இடம் என்று அதை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எதுவானாலும் மாதம் ஒரு தடவை ஸ்க்ரப் ஓடவிடுங்கள், எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலை அது.

பழைய கொம்பியூட்டர் கறண்ட் தின்னும். பில் வந்தபிறகு பெட்டி வாங்கிய மூன்று பேரை எனக்குத் தெரியும்.

உப்புக் காற்று, பல்லி, எறும்பு?

சிரிக்க வேண்டாம், நான் பார்த்த பழுதில் பாதி இதுதான். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜன்னலோரம் வைத்த பெட்டியைத் திறந்தபோது மின்சாரப் பலகையின் காலெல்லாம் பச்சை பூத்திருந்தது, டிஸ்க் இரண்டும் நல்ல சுகம். இன்னொன்றில் விசிறிக்குள் பல்லி. கடல் பக்கம் திறக்காத உள் அறையில், நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். பூட்டிய அலுமாரிக்குள் வைத்தால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெந்துவிடும். டிஸ்க் வெப்பம் பெட்டியின் திரையிலேயே தெரியும், 45 பாகைக்கு மேல் ஏறினால் இடத்தை மாற்றுங்கள்.

ஒரு டிஸ்க் செத்துவிட்டது, பெட்டி கத்துகிறது. இப்போது என்ன செய்ய?

ஒன்றும் செய்யாதீர்கள். கத்தலை மட்டும் நிறுத்துங்கள். முதலில் முக்கியமானவற்றை யூஎஸ்பி டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள், ரிபில்ட் அதற்குப் பிறகு.

காத்தான்குடியில் ஒரு ஸ்டூடியோக் காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), நாலு டிஸ்க் பெட்டி, ரெய்ட் 5. திரையில் இரண்டாவது டிஸ்க் போய்விட்டது என்று காட்டியிருக்கிறது. பெட்டி மேசைக்கு அடியில், முதுகுப் பக்கம் தெரிய. குனிந்து பின்னாலிருந்து எண்ணி, முன்னால் கையை விட்டு இழுத்திருக்கிறார். வந்தது மூன்றாவது, நல்லது. இரண்டு டிஸ்க் இல்லாத ரெய்ட் 5 அந்த நொடியே விழுந்துவிட்டது. அசர் தொழுகை நேரம் கோல் வந்தது, நான் போகும்போது இழுத்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், ‘தம்பி, சூடாத்தான் இருக்கு, உயிர் இருக்கும்’ என்றார். நல்ல காலம், அதற்குப் பிறகு பெட்டியை அவர் தொடவில்லை. ‘புதிதாக அமைக்கவா’ என்று திரை கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். டிஸ்க்குகளை லினக்ஸ் கொம்பியூட்டரில் மாட்டி, எம்டிஆட்ம் கட்டளையால் பலவந்தமாக ஒன்றுசேர்த்தபோது இரவு பத்தரை. இரண்டு கலியாணம், ஒரு சுன்னத்து வீடு, எல்லாம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பூட்டுகிற எல்லாப் பெட்டியிலும், டிஸ்க் உள்ளே போகமுன் சீரியல் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தை டேப்பில் எழுதி ட்ரேயின் முன்பக்கம் ஒட்டுகிறேன். திரையில் காட்டும் இலக்கமும் டேப்பும் ஒத்துப்போனால்தான் கை வைப்பது.

டிஸ்க் நல்லது, பெட்டி செத்தால்?

சினாலஜி, கியூநாப் இரண்டிலும் அதே நிறுவனத்தின் புதுப் பெட்டிக்கு டிஸ்க்குகளை அதே வரிசையில் மாற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும், எந்த மொடலிலிருந்து எதற்கு என்று அவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அவசரமென்றால் சினாலஜியின் டிஸ்க்கை லினக்ஸ் கொம்பியூட்டரில் வாசிக்கலாம், உள்ளே இருப்பது லினக்ஸின் சாதாரண மென்பொருள் ரெய்ட்தான். ரெய்ட் 1 என்றால் ஒரே ஒரு டிஸ்க்கே போதும். மலிவான யூஎஸ்பி ரெய்ட் பெட்டிகளில் இந்த நிம்மதி கிடையாது, சிப் போனால் அதே சிப் உள்ள பெட்டியைத் தேடி அலைய வேண்டும்.

4 டெராபைட் வாங்கினேன், 3.6 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கடைக்காரர் 1000த்தால் எண்ணுகிறார், பெட்டி 1024ஆல் எண்ணுகிறது.

பெட்டி வந்தாச்சு. முதல் நாள் என்ன செய்ய?

உங்கள் படங்களை உடனே ஏற்ற வேண்டாம். ஒன்றுக்கும் உதவாத கொஞ்சப் படத்தைப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை இழுங்கள். கத்துகிறதா, போனுக்கோ மின்னஞ்சலுக்கோ செய்தி வருகிறதா, படம் இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். மறுகா டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு ரிபில்ட் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எழுதிவையுங்கள். யூபிஎஸ் பிளக்கைக் கழற்றிப் பெட்டி தானாக மூடுகிறதா என்றும், பேக்கப் டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ரிபில்ட் ஓடுகிற நேரத்தை விட்டால் ஒரு பின்னேர வேலை.

கத்தலை நிறுத்தும் பொத்தான் எது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அது கத்தத் தொடங்கி நீங்கள் ஊரில் இல்லையென்றால், அம்மா பிளக்கைத்தான் பிடுங்குவார்.